எதிர்மின் ஹைட்ரஜன் அயனி ஊற்று: வரைபலகையிலிருந்து முதல் கற்றை வரை

டிசம்பர் விடுமுறைக்கு டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேப் டவுனுக்கு வந்திருந்த என் அக்காள் மகள், முடுக்கிக்கு எதிர்மின் ஹைட்ரஜன் அயனிகளை உண்டாக்கித் தரும் ஊற்றைக் கட்டிச் சோதிக்கும் எங்கள் மேடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, ஹைட்ரஜன் அணுவுக்கு ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். முடுக்கியின் கடைசியில் அதையும் அதன் சொந்த எலக்ட்ரானையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறீர்கள். முதலிலேயே புரோட்டானாக அனுப்பிவிட்டால் என்ன?"

பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி கேட்கவேண்டிய சரியான கேள்வி அது. பதில் சொல்லத் தொடங்கி மூன்று மாலைகள் ஓடிவிட்டன. அவளைப் போல வார இறுதி வகுப்பில் தமிழ் படித்து, பிறகு அறிவியலுக்குள் நுழைந்த பிள்ளைகள் இந்த நாட்டில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், இந்தத் துறையைத் தமிழில் படிக்க விரும்பும் எவருக்காகவும் அந்த மூன்று மாலைகளின் பேச்சை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

ஏன் இந்தச் சுற்றுவழி?

சைக்ளோட்ரான் என்ற வட்ட முடுக்கியில் நேர்மின் புரோட்டானைச் சுழற்றி முடுக்குவது எளிது. வெளியே எடுப்பதுதான் சிரமம். மெல்லிய உலோகத் தகடு ஒன்றை வைத்து, மின்புலத்தால் கற்றையை வெளியே தள்ளவேண்டும். அந்தத் தகட்டில் கற்றையின் ஒரு பகுதி மோதும். மோதிய இடம் சூடாகும், கதிரியக்கம் ஏறும், பழுது பார்க்க ஆள் உள்ளே போகமுடியாது. எதிர்மின் அயனியாக முடுக்கினால், சுற்றுப்பாதையின் ஓரத்தில் மிக மெல்லிய கார்பன் தகடு ஒன்றை நிறுத்தினால் போதும். அதைக் கடக்கும்போது இரண்டு எலக்ட்ரான்களும் உரிந்துவிடும். எஞ்சியது புரோட்டான். மின்னூட்டத்தின் குறி மாறியதால் காந்தப்புலம் அதை எதிர்ப்பக்கம் வளைத்து, தானாகவே வெளியே அனுப்பிவிடும். ஏறக்குறைய இழப்பே இல்லை. தகட்டை உள்ளே தள்ளினால் குறைந்த ஆற்றல், வெளியே இழுத்தால் கூடுதல் ஆற்றல். இரண்டு தகடுகள் வைத்தால் ஒரே நேரத்தில் இரண்டு கற்றைகள்.

கேப் டவுனுக்குக் கிழக்கே உள்ள இதெம்பா ஆய்வகத்தில், தென்னாப்பிரிக்க ஐசோடோப்பு மையத்துக்காக நிறுவப்பட்ட 70 மெகா எலக்ட்ரான்வோல்ட் சைக்ளோட்ரான் இந்த வகையைச் சேர்ந்ததே. இதெம்பா என்றால் ஸுலு, கோசா மொழிகளில் நம்பிக்கை என்று பொருள். ஜொகனஸ்பர்க்கில் அதே நிறுவனத்தின் கிளையில் இருக்கும் டாண்டெம் முடுக்கிக்கும் எதிர்மின் அயனிதான் நுழைவுச் சீட்டு. நேர்முனையை நோக்கி ஓடி, நடுவில் எலக்ட்ரான்களை இழந்து, அதே முனையிலிருந்து விலகி ஓடுவதால் ஒரே மின்னழுத்தம் இரண்டு முறை பயன்படுகிறது. பெரிய வளைய முடுக்கிகளில், ஏற்கெனவே சுற்றும் கற்றையின் மேலேயே புதிய கற்றையை அடுக்குவதற்கு இதே உரித்தல் உதவுகிறது. 1960-களில் சோவியத் யூனியனின் நோவோசிபிர்ஸ்க்கில் புட்கரும் டிமோவும் செய்துகாட்டிய வழி அது.

ஆக, எலக்ட்ரான் எளிதில் உரிவதுதான் இதன் பயன். அதுவே இதன் தொல்லையும். ஹைட்ரஜன் அணு தன் சொந்த எலக்ட்ரானை 13.6 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலால் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டாவதாக வந்து ஒட்டிய எலக்ட்ரானையோ வெறும் 0.754 எலக்ட்ரான்வோல்ட்டால்தான் பிடித்திருக்கிறது. வேகமான எலக்ட்ரான் மோதினால் போய்விடும், வாயு மூலக்கூறு உரசினால் போய்விடும், நேர்மின் அயனி நெருங்கினால் போய்விடும். இந்த 0.754 என்ற எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி உங்கள் மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். கீழே வரும் ஒவ்வொரு முடிவும் அதிலிருந்தே பிறக்கிறது.

உலோகத்தைத் தொடுமுன் எண்களை எழுதுங்கள்

பயனர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்பதை நான்கு எண்களாக எழுதி வாங்குங்கள்: எத்தனை மில்லியாம்பியர், தொடர்ச்சியாகவா துடிப்பாகவா, எந்த ஆற்றலில், எவ்வளவு நெருக்கமான கற்றை. நெருக்கம் என்பது கற்றையின் அகலத்தையும் விரியும் கோணத்தையும் பெருக்கி வரும் அளவு, எமிட்டன்ஸ் என்பார்கள்.

இந்தக் கட்டுரைக்காக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சைக்ளோட்ரானுக்கான ஊற்று, தொடர்ச்சியான 10 மில்லியாம்பியர், 30 கிலோ எலக்ட்ரான்வோல்ட். கடைசியில் இலக்கில் விழப்போவது ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவாகவே இருக்கும். சைக்ளோட்ரான் தன் அலைக்கு ஏற்ற நேரத்தில் வரும் அயனிகளை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். பெரும்பகுதி நுழைவாயிலிலேயே வீணாகிவிடும். ஆகவேதான் ஊற்றிடம் பத்து மடங்கு கேட்கிறோம்.

எந்த வகை ஊற்று?

எதிர்மின் ஹைட்ரஜன் அயனியை உண்டாக்க இரண்டு வழிகள். முதல் வழி பிளாஸ்மாவின், அதாவது எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த வாயுவின், நடுவிலேயே நடப்பது. வேகமான எலக்ட்ரான் ஒன்று ஹைட்ரஜன் மூலக்கூறை மோதி அதிரவைக்கிறது. அந்த அதிர்வு தணிவதற்குள், ஏறத்தாழ ஓர் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலே உள்ள மெதுவான எலக்ட்ரான் வந்து அதில் ஒட்டுகிறது. மூலக்கூறு இரண்டாக உடைகிறது. ஒரு பாதி அணு, மறுபாதி எதிர்மின் அயனி. 1970-களின் இறுதியில் பிரான்சில் மார்த்த பகல் குழுவினரின் அளவீடுகள், கணக்கு சொன்னதைவிட மிக அதிகமாக இந்த அயனிகள் பிளாஸ்மாவில் இருப்பதைக் காட்டின. இந்த வழிக்குக் கதவு திறந்தது அங்கேதான்.

இரண்டாவது வழி உலோகப் பரப்பில் நடப்பது. பரப்பின் மேல் ஓர் அணு அடுக்குக்கும் குறைவாக சீசியம் படிந்தால், உலோகம் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கிறது. மோதித் திரும்பும் ஹைட்ரஜன் அதை எடுத்துக்கொண்டு வருகிறது. 1971-ல் துத்னிகோவ் இதை நோவோசிபிர்ஸ்க்கில் கண்டார். பிரிட்டனின் ஐசிஸ், அமெரிக்காவின் எஸ்என்எஸ், ஜப்பானின் ஜே-பார்க், செர்னின் லினாக்4 ஆகிய முடுக்கிகளின் ஊற்றுகள் சீசியத்தை நம்பியே பல பத்து மில்லியாம்பியர் துடிப்புகளைத் தருகின்றன.

நம் எடுத்துக்காட்டுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். சீசியம் 28.5 டிகிரியில் உருகும். கேப் டவுனின் ஜனவரி மாதப் பகல் அதற்குப் போதும். காற்றுப் பட்டால் தீப்பற்றும், நீரோடு வெடிக்கும். மில்லிகிராம் கணக்கில் அளந்து விடவேண்டும். கூடினால் மின்முனைகளுக்கிடையே பொறி பறக்கும். குறைந்தால் கற்றை சரியும். தொடர்ச்சியான 10 மில்லியாம்பியர் போதுமென்றால் எலக்ட்ரானை உமிழும் சூடான இழை, பலமுனைக் காந்த அறை, வெறும் ஹைட்ரஜன் ஆகிய மூன்றுமே போதும். கனடாவின் டிரையம்ப் ஆய்வகத்தில் வளர்ந்த இந்த வகை ஊற்று, சீசியமே இல்லாமல் 15 மில்லியாம்பியர் வரை தந்திருக்கிறது.

அறையும் காந்தங்களும்

அறை ஒரு செம்பு உருளை. உள்விட்டம் 10 சென்டிமீட்டர், நீளம் 15 சென்டிமீட்டர் அளவில் தொடங்கலாம். சுவருக்குள் நீர் ஓடவேண்டும். இழைக்கும் சுவருக்கும் இடையே நடக்கும் 120 வோல்ட், 30 ஆம்பியர் வில் மின்னிறக்கம் 3.6 கிலோவாட்டைச் சுவரில்தான் கொட்டப்போகிறது. உருளையைச் சுற்றி நிலைக்காந்தப் பட்டைகளை வடமுனை, தென்முனை என்று மாற்றி மாற்றி நிறுத்துங்கள். புலம் சுவரோரத்தில் வலுவாகவும் நடுவில் ஏறக்குறைய பூச்சியமாகவும் இருக்கும். எலக்ட்ரான்கள் சுவரை அடையுமுன் திருப்பி அனுப்பப்படும். காந்தம் சமாரியம்-கோபால்ட்டாக இருந்தால் வெப்பத்தைப் பற்றிக் கவலையில்லை. சாதாரண நியோடிமியம் காந்தம் வாங்கினால், 80 டிகிரியைத் தாண்டும்போது அது வலுவிழக்கும் என்பதை நினைவில் வையுங்கள்; ஒரு நாள் நீரோட்டம் நின்றால் போதும்.

இப்போது 0.754-ஐப் பாருங்கள். அயனியை உண்டாக்க முதலில் வேகமான எலக்ட்ரான் வேண்டும். உண்டானபின் அதே வேகமான எலக்ட்ரான் அதை அழிக்கும். ஆகவே அறையை இரண்டாகப் பிரிக்கவேண்டும், ஆனால் சுவர் எழுப்பாமல். வெளியேறும் துளைக்கு அருகில் சில காந்தங்களைத் திருப்பி வைத்து, குறுக்கே 50 முதல் 200 காஸ் வரையிலான மெல்லிய காந்தத் திரை ஒன்றை இழுப்போம். வேகமான எலக்ட்ரான்களை அது நிறுத்திவிடும். மெதுவானவை மோதல்களின் உதவியால் கசிந்து வரும். திரைக்குப் பின்னால் சமையல், முன்னால் பரிமாறல்.

காந்தங்களை ஒட்டியபின், அறையை மூடுமுன், ஹால் அளவியை எடுத்து ஒவ்வொரு பட்டையாகப் புலத்தை அளந்து வரைபடம் போடுங்கள். இது அலுப்பான வேலை. ஒரு முழுநாள் பிடிக்கும். தவிர்க்காதீர்கள். எங்கள் முதல் அறையில் பத்துப் பட்டைகளில் ஒன்றின் நடுத்துண்டு தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. பார்வைக்கு எல்லாத் துண்டும் ஒன்றே. அளவியின் முள் மறுபக்கம் சாய்ந்தபோதுதான் தெரிந்தது. அதை விட்டிருந்தால் அந்த இடத்தில் பிளாஸ்மா சுவரைத் துளைத்து நீரைத் தொட்டிருக்கும். எல்லாம் சரியாக இருந்தால், சில நாள் ஓட்டியபின் அறையைத் திறக்கும்போது செம்பின் மேல் பிளாஸ்மா தொட்ட கோடுகள் இணையாக, சம இடைவெளியில், பின்தகட்டில் ஒரு கோலம் போலத் தெரியும். கோடு எங்காவது வளைந்திருந்தால் அங்கே காந்தம் சரியில்லை என்று பொருள்.

பிரித்தெடுப்பு: எலக்ட்ரானோடு உண்மையான வழக்கு

நேர்மின் அயனியை இழுக்கும் ஊற்றில் இந்தச் சிக்கல் இல்லை. நாம் எதிர்மின் அயனியை இழுக்கிறோம், எலக்ட்ரானும் எதிர்மின். கதவைத் திறந்தால் இரண்டும் வெளியே ஓடிவரும். சீசியம் இல்லாத ஊற்றில் ஓர் அயனிக்கு பத்து, இருபது எலக்ட்ரான்கள் வருவது சாதாரணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அறையின் வாயில் நிற்கும் பிளாஸ்மா மின்முனையில் 10 மில்லிமீட்டர் விட்டத்துளை, பரப்பு 0.785 சதுர சென்டிமீட்டர். அடுத்த மின்முனை 6 மில்லிமீட்டர் தள்ளி, 3 கிலோவோல்ட்டில் இருக்கிறது. ஒரே குறியுள்ள துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் ஓட்டத்துக்கு வரும் எல்லையைச் சொல்லும் சைல்டு-லாங்மூர் விதிப்படி, இந்த இடைவெளி தாங்கக்கூடிய அயனி ஓட்டம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 25 மில்லியாம்பியர். நம் துளைக்கு மொத்தம் 19.5. நமக்கு வேண்டியது 10. வசதியாக இருக்கிறது என்று தோன்றும். எலக்ட்ரான்களும் அதே இடத்தைப் பங்கு கேட்கும். ஆனால் அவை அயனியைவிட 43 மடங்கு வேகமாக ஓடிவிடுவதால், இருபது மடங்கு எலக்ட்ரான் இருந்தாலும் அவற்றின் நெருக்கடி அயனி நெருக்கடியில் பாதிக்கும் சற்றுக் குறைவு. மொத்தம் 14.7-க்குச் சமம். இன்னும் இடமிருக்கிறது.

இடம் இருக்கிறது, வெப்பம்? 10 மில்லியாம்பியருக்கு இருபது மடங்கு எலக்ட்ரான் என்றால் 200 மில்லியாம்பியர். அதை 3 கிலோவோல்ட்டால் பெருக்கினால் 600 வாட். வீட்டிலிருக்கும் ஒரு சிறு இஸ்திரிப் பெட்டியின் வெப்பத்தைக் கைவிரல் அகலமான மின்முனையின் ஒரு பக்கத்தில் கொட்டுவதற்குச் சமம். இதே எலக்ட்ரான்களை 30 கிலோவோல்ட் வரை முடுக்க அனுமதித்தால் 6 கிலோவாட். உலோகம் உருகும், எக்ஸ் கதிர் கிளம்பும். எனவே எலக்ட்ரானைக் குறைந்த ஆற்றலிலேயே பிடித்துக் கொட்டிவிடவேண்டும்.

அதற்கு அந்த இரண்டாவது மின்முனைக்குள்ளேயே சிறு காந்தங்களைப் புதைப்போம். 500 காஸ் புலத்தில், 3 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான் 3.7 மில்லிமீட்டர் ஆரத்தில் சுருண்டு பக்கச்சுவரில் விழும். அதே புலத்தில் அயனியின் ஆரம் 16 சென்டிமீட்டர். சற்றே சாய்ந்து கடந்துவிடும். அந்தச் சாய்வைத் திருத்த, பின்னாலேயே எதிர்த்திசையில் இன்னொரு காந்த இணை வையுங்கள். எலக்ட்ரான் விழும் பக்கத்துக்கு நேர் பின்னால் நீர்க்குழாய் ஓடவேண்டும். எதிர்ப்பக்கம் ஓடினால் பயனில்லை. வரைபடத்தில் காந்தத்தின் திசையையும் நீர்க்குழாயையும் ஒரே தாளில் வரையுங்கள்; இரண்டு பேர் இரண்டு தாளில் வரைந்தால் கண்டிப்பாகத் தவறும்.

இறுதி மின்முனை நிலமின்னழுத்தத்தில் இருக்கும். ஊற்று முழுவதும் மைனஸ் 30 கிலோவோல்ட்டில் மிதக்கும்.

வெற்றிடம்: வாயுவை விட்டுக்கொண்டே வாயுவை அகற்றுதல்

ஊற்றுக்கு ஹைட்ரஜன் வேண்டும். கற்றைப் பாதைக்கு அது எதிரி. நிமிடத்துக்கு 10 கன சென்டிமீட்டர் ஹைட்ரஜன் விடுகிறோம் என்றால், அது நொடிக்கு 0.17 மில்லிபார்-லிட்டர். நொடிக்கு 2000 லிட்டர் இழுக்கும் டர்போ பம்புகள் இரண்டை வைத்தால், பெட்டியின் அழுத்தம் ஒரு மில்லிபாரில் லட்சத்தில் நான்கு பங்காக இருக்கும். லட்சத்தில் ஒரு பங்கு அழுத்தத்தில் ஒரு மீட்டர் பயணத்துக்கு ஏறத்தாழ 2.5 விழுக்காடு அயனிகள் தங்கள் எலக்ட்ரானை இழக்கும். லட்சத்தில் நான்கு என்றால் 10 விழுக்காடு. இழந்தவை நடுநிலை அணுக்களாகி, எந்தக் காந்தத்துக்கும் கட்டுப்படாமல் நேரே போய்ச் சுவரைச் சுடும். ஆகவே முதல் பெட்டியில் பெரிய பம்புகளை வைத்து, சிறு துளைக்குப் பின்னால் இரண்டாவது பெட்டியில் மீண்டும் பம்பு வைத்து, அழுத்தத்தைப் படிப்படியாக இறக்குங்கள்.

அதற்காக அழுத்தத்தை இறக்கிக்கொண்டே போவதும் சரியல்ல. மிச்சமுள்ள வாயுவைக் கற்றை அயனியாக்கும்போது பிறக்கும் நேர்மின் அயனிகள் கற்றைக்குள் சிக்கி, அதன் எதிர்மின்னூட்டத்தை ஈடுசெய்து, கற்றை தானே விரிவதைத் தடுக்கின்றன. மிகத் தூய வெற்றிடத்தில் கற்றை அதிகம் விரியும். சரியான இடத்தை அளந்துதான் கண்டுபிடிக்கவேண்டும்.

பம்பு வாங்கும்போது அது ஹைட்ரஜனுக்கு என்ன வேகம் தரும் என்று கேளுங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது நைட்ரஜனுக்கான எண். லேசான வாயுவை டர்போ பம்பு அவ்வளவு நன்றாக அழுத்தாது.

இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2023-ல் திட்டமிட்ட மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை போனது நினைவிருக்கும். அப்போது வேறொரு மேடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். இழை வெள்ளையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. மின்சாரம் போனதும் இழைக்கான மின்வழங்கியை ஜெனரேட்டர் சில நொடிகளில் ஏற்றுக்கொண்டது, டர்போ பம்புக்குப் பின்னால் நின்று வாயுவை வெளியேற்றும் பின்பம்பை ஏற்றுக்கொள்ளவில்லை. பின்பம்புக்கு முன்னிருந்த வால்வு, மின்சாரம் போனால் திறந்தபடியே நிற்கும் வகை. காற்று பின்வழியாக ஊர்ந்து ஏறியது. மறுநாள் திறந்தபோது டங்ஸ்டன் இழை இருந்த இடத்தில் இரண்டு கட்டைகள். அறையின் அடியில் மஞ்சள் தூள். டங்ஸ்டன் ஆக்சைடு. விரலால் தொட்டுப் பார்த்தேன், முகத்துக்குப் பூசும் மஞ்சளைப் போல அவ்வளவு மென்மை. அன்றிலிருந்து என் மூன்று விதிகள்: எல்லா வால்வும் மின்சாரம் போனால் மூடிக்கொள்ளும் வகையாகவே இருக்கவேண்டும், அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் இழையின் மின்சாரம் மென்பொருளின் அனுமதியைக் கேட்காமல் கம்பி வழியாகவே அறுபடவேண்டும், மின்சாரம் திரும்பும்போது எதுவும் தானாகத் தொடங்கக்கூடாது.

மின்னழுத்த மேடை, நீர், உயிர்

30 கிலோவோல்ட்டில் மிதக்கும் மேடையில் இழை, வில், வாயு, காந்தம் ஆகியவற்றுக்கான எல்லா வழங்கிகளும் இருக்கும். தனிமைப்படுத்தும் மின்மாற்றி வழியாக மின்சாரமும், கண்ணாடி இழை வழியாகக் கட்டளையும் மேலேறும். நீருக்கும் கணக்குண்டு. 10 மில்லிமீட்டர் உள்விட்டமும் 3 மீட்டர் நீளமும் கொண்ட பிளாஸ்டிக் குழாயில், கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோ சீமன்ஸ் உள்ள அயனி நீக்கிய நீர் ஓடினால், அதன் வழியே கசியும் மின்னோட்டம் 80 மைக்ரோ ஆம்பியர். கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோ சீமன்ஸ் உள்ள சாதாரண நீரை ஓட்டினால் 24 மில்லியாம்பியர்! கற்றையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் குழாய் வழியே நிலத்துக்குப் போகும். நீரை மிகவும் குளிர்விக்கவும் வேண்டாம். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் 15 டிகிரி நீர் ஓடும் குழாயின் மேல் வியர்வை வழியும். அந்த ஈரமே பொறிக்கு வழி. கடலோரமாக இருப்பவர்கள் மின்காப்புப் பீங்கானை வாரந்தோறும் துடையுங்கள். ஃபால்ஸ் விரிகுடாவிலிருந்து வீசும் தென்கிழக்குக் காற்று கண்ணுக்குத் தெரியாத உப்பைக் கொண்டுவந்து பூசிவிடும்.

ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காட்டிலிருந்து 75 விழுக்காடு வரை எந்தக் கலவையிலும் தீப்பற்றும். பம்பின் வெளிக்குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோங்கள். மேடைக்கு ஏறும் வாயுக்குழாயில் அழுத்தத்தை வளிமண்டலத்துக்கு மேலேயே வைத்து, மேடையில் ஏறிய பிறகு குறையுங்கள். குறைந்த அழுத்த ஹைட்ரஜன் நிரம்பிய பிளாஸ்டிக் குழாய் மின்னிறக்கக் குழாயாகவே மாறிவிடும்.

மேடையைச் சுற்றிக் கூண்டு, கதவில் தடுப்பு, உள்ளே நுழையும் இடத்தில் நிலத்தொடர்புக் கோல். கோலை மேடையின் மேல் மாட்டிவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். மாட்டியதை இன்னொருவர் பார்த்து "மாட்டியாயிற்று" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். என் பெரியப்பா வடகடற்கரைச் சர்க்கரை ஆலையில் கொதிகலன் வேலை செய்தவர். வால்வை மூடியவர் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே இறங்குவார் என்று சொல்வார். அதையே செய்யுங்கள். மேடையின் சாவி உள்ளே போகிறவரின் பையில்.

இயக்கத் தொடக்கம்

அவசரப்படுவோர் தோற்கும் கட்டம் இது. வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் குளிர்ந்த நிலையில் எல்லாவற்றையும் சோதியுங்கள்: நீரோட்டம், காந்தத் திசை, தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பையும் வேண்டுமென்றே மீறி, அது உண்மையிலேயே அறுக்கிறதா என்று பாருங்கள். ஹீலியம் கொண்டு கசிவு தேடுங்கள். ஹீலியம் மேலே ஏறும் என்பதால் மேலிருந்து தொடங்கிக் கீழே இறங்குங்கள்.

பிறகு பிளாஸ்மா இல்லாமல் மின்னழுத்தத்தை மட்டும் ஏற்றுங்கள். 30-ல் ஓடவேண்டும் என்றால் 35 வரை பழக்குங்கள். ஆயிரம் வோல்ட் ஏற்றி, பொறி அடங்கும் வரை காத்திருந்து, அடுத்த ஆயிரம். புதிய மின்முனைகளுக்கு இது ஒரு நாள் எடுக்கும்.

அடுத்து இழை. வெற்றிடத்தில் மெதுவாகச் சூடேற்றுங்கள். அழுத்தமானி ஒவ்வொரு முறையும் எகிறும்; அது இறங்கிய பிறகே அடுத்த அடி. சாளரம் வழியாகப் பார்த்தால் முதலில் மங்கிய சிவப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு பார்க்கக் கண் கூசும் வெண்மஞ்சள். ஹைட்ரஜனை விட்டு, வில் மின்னழுத்தத்தைக் கொடுங்கள். அறை இளஞ்சிவப்பாக நிரம்பும். முதல் முறை பார்ப்பவர் யாராக இருந்தாலும் ஒரு கணம் பேச்சு நின்றுவிடும். எனக்கு இன்றும் நிற்கிறது.

வில்லைக் குறைந்த திறனில், 500 வாட் அளவில், ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு பிரித்தெடுப்பு மின்னழுத்தம், பிறகு முடுக்கு மின்னழுத்தம். கற்றையை, அதை நிறுத்தி மின்னோட்டத்தை அளக்கும் ஃபாரடே கிண்ணத்தில் பிடியுங்கள். 10 மில்லியாம்பியர், 30 கிலோவோல்ட் என்றால் 300 வாட். கிண்ணத்துக்கு நீர் வேண்டும். கிண்ணத்தின் வாயில் எதிர்மின் வளையம் இல்லாவிட்டால் தெறிக்கும் எலக்ட்ரான்கள் வெளியேறி, கற்றையைக் குறைத்துக் காட்டும்.

இங்கே பல குழுக்கள் ஏமாறும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். கிண்ணத்தில் தெரிவதெல்லாம் அயனி அல்ல. தப்பி வந்த எலக்ட்ரானும் அதே குறியுள்ள மின்னோட்டமே. வளைக்கும் காந்தம் ஒன்றைக் கடந்தபின் அளப்பதே முறையான வழி. எளிய மறுசோதனை ஒன்றும் உண்டு. கிண்ணத்து நீர் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால், 300 வாட் அதை 4.3 டிகிரி சூடாக்கவேண்டும். அத்துடன் வழங்கிகளின் கணக்கையும் பாருங்கள்: பிரித்தெடுப்பு வழங்கி தருவது கொட்டப்பட்ட எலக்ட்ரான்கள், 30 கிலோவோல்ட் வழங்கி தருவது நிலத்தை அடைந்தவை அனைத்தும். 30 கிலோவோல்ட் வழங்கி 14 காட்டி, கிண்ணம் 10 காட்டினால், நடுவில் 4 எங்கோ எதையோ சுட்டுக்கொண்டிருக்கிறது. எங்கே என்று தெரியாமல் திறனை ஏற்றாதீர்கள்.

இனி இசைவூட்டல். நான்கு குமிழ்கள்: வில்லின் திறன், வாயு ஓட்டம், பிளாஸ்மா மின்முனையின் சார்பழுத்தம், பிரித்தெடுப்பு மின்னழுத்தம். வாயுவைக் கூட்டினால் கற்றை ஏறும், ஓர் உச்சியைத் தொடும், பிறகு உரிதல் மேலோங்கி இறங்கும். அதிகம் பேசப்படாத குமிழ் மூன்றாவது. பிளாஸ்மா மின்முனையை அறைச்சுவரைவிடச் சில வோல்ட் மட்டும் நேர்மின்னாக வையுங்கள். அரை வோல்ட் அரை வோல்ட்டாக ஏற்றி ஒவ்வொரு முறையும் அயனியையும் எலக்ட்ரானையும் எழுதுங்கள். துளைக்கருகிலுள்ள எலக்ட்ரான்களை மின்முனையே குடித்துவிடுவதால் எலக்ட்ரான் ஓட்டம் வேகமாகச் சரியும். அயனியோ ஓர் இடம் வரை சரியாது, சில நேரம் ஏறவும் செய்யும். அந்த இடமே உங்கள் வேலைப்புள்ளி. ஒரு நேரத்தில் ஒரு குமிழைத்தான் திருப்பவேண்டும். திருப்பியபின் இரண்டு நிமிடம் காத்திருக்கவேண்டும். பிளாஸ்மா உடனே மாறும், சுவரின் வெப்பநிலை உடனே மாறாது.

கற்றை 10-ஐத் தொட்டதும் எல்லோரும் கைதட்டுவார்கள். உங்கள் வேலை பாதிதான் முடிந்திருக்கும். எமிட்டன்ஸை அளக்கவேண்டும். அலிசன் வருடி என்ற கருவியில் முதல் பிளவு கற்றையின் ஒரு மெல்லிய துண்டை வெட்டும். மின்புலம் அதன் கோணத்தைத் தேடும். இரண்டாவது பிளவுக்குப் பின்னால் கிண்ணம். கிடைக்கும் படம் சாய்ந்த நீள்வட்டமாக இருந்தால் நல்லது. ஓரங்கள் எஸ் வடிவில் வளைந்தால் பிளாஸ்மாவின் விளிம்பு சரியான குழிவில் இல்லை என்று பொருள். பிரித்தெடுப்பு மின்னழுத்தத்தையும் வில்லின் திறனையும் சேர்த்து நகர்த்துங்கள். கற்றை அரை மில்லியாம்பியர் குறைந்தாலும் வடிவம் சீரானால் அதையே தேர்ந்தெடுங்கள். சைக்ளோட்ரானுக்குள் நுழையாத கற்றையை யாருக்கும் விற்கமுடியாது.

கடைசியாக 24 மணி நேர ஓட்டம். குமிழ்களைத் தொடாமல். பொறிகள் எத்தனை, கற்றை எவ்வளவு அலைந்தது, எலக்ட்ரான் விகிதம் காலையிலும் நள்ளிரவிலும் என்ன என்பதைப் பதிவேட்டில் கையால் எழுதுங்கள். கணினி எண்களைச் சேமிக்கும்; "இரண்டு மணிக்கு நீர்ப்பம்பின் ஓசை மாறியது" என்பதைச் சேமிக்காது.

இழை மாற்றுதல்

இழை தேயும் பொருள். வாரக்கணக்கில் உழைக்கும், பிறகு மெலிந்து அறும். ஒரே வில்லுக்கு வேண்டிய சூடேற்றும் மின்னோட்டம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதை வரைந்து வாருங்கள். கம்பி மெலிவதன் அடையாளம் அது. அறும்வரை காத்திருக்காமல், திட்டமிட்ட நிறுத்தத்தில் மாற்றுங்கள். பின்தகட்டை முழுமையாகக் கழற்றி, இழை பொருத்தப்பட்ட மாற்றுத் தகடு ஒன்றை அப்படியே மாட்டும்படி வடிவமைத்தால் நேரம் மிச்சம். அறையைக் காற்றால் நிரப்பாதீர்கள். உலர்ந்த நைட்ரஜனால் நிரப்புங்கள். காற்றின் ஈரம் சுவரில் ஒட்டினால் பம்பு இழுத்து முடிக்க மறுநாள் ஆகும்.

ஜூலை விடுமுறைக்கு அக்காள் மகள் மறுபடியும் வந்தாள். நிலத்தொடர்புக் கோலை மாட்டி, "மாட்டியாயிற்று மாமா" என்று உரக்கச் சொல்லி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, தகட்டை அவளே கழற்றினாள். நைட்ரஜன் நிரப்பியதிலிருந்து மீண்டும் இளஞ்சிவப்பு ஒளி வரும்வரை 4 மணி 10 நிமிடம். பதிவேட்டில் அந்த வரி அவள் கையெழுத்தில், தமிழில் இருக்கிறது.